கம்பெனி பிஸ்டனில் என்ன இருக்கிறது?

டீ சொல்லியாயிற்று. வருவதற்குள், சிலிண்டரைப் பெரிதாக்கிக் கடையும் ரீபோர் வேலைக்காக இன்ஜினை இறக்கி வைத்திருக்கும் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். "அண்ணே, செலவு மிச்சம்னுதானே கம்பெனிக்காரன் காஸ்டிங் பிஸ்டன் போடறான்? ஃபோர்ஜ்டு வாங்கிப் போட்டா இன்ஜின் இன்னும் ஸ்ட்ராங்கா இருக்குமில்ல?" காஸ்டிங் என்றால் உருக்கி அச்சில் ஊற்றி வார்த்தது; ஃபோர்ஜ்டு என்றால் சூடான கட்டியை அமுக்கிச் செய்தது. கேட்பவர் பெரும்பாலும் பந்தயக் கார் வீடியோக்களில் ஊறிய இளைஞராக இருப்பார். "அதெல்லாம் நமக்கு வேணாம் தம்பி" என்று மெக்கானிக் பேச்சை முடித்துவிடுவார். அவர் சொல்வது சரிதான். அது ஏன் சரி என்பதற்குத்தான் இந்த டீ.

முதலில் ஒரு பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். 73 மில்லிமீட்டர் போர் உள்ள சின்ன பெட்ரோல் காருடையது என்று வைத்துக்கொள்வோம். எடை கால் கிலோ அளவில்தான் இருக்கும். கரி படிந்த தலையில் ஓர் அம்புக்குறி இருக்கிறது. மாட்டும்போது எந்தப் பக்கம் இன்ஜினின் முன்புறம் வரவேண்டும் என்பதற்கான அடையாளம் அது. பக்கவாட்டில் மூன்று ரிங் காடிகள். அதற்குக் கீழே உள்ள பகுதியை ஸ்கர்ட் என்பார்கள். அதன் மேல் கருப்பாக ஒரு பூச்சு. நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினால் மெல்லிய கடைசல் வரிகள் நெருடும். எண்ணெய் தங்குவதற்காக வேண்டுமென்றே விட்ட வரிகள் அவை. கவிழ்த்துப் பார்த்தால் உட்புறம் பெரும்பாலும் கடைசல் படாமல், அச்சிலிருந்து வந்த மேனிக்கே இருக்கும்.

இப்போது மைக்ரோமீட்டரை வைத்து அளந்து பாருங்கள். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின் நுழையும் துளைக்குச் செங்குத்தான திசையில் ஸ்கர்ட் ஓர் அளவு காட்டும். பின் துளையின் திசையில் அளந்தால் அதைவிடக் குறைவாக வரும். தலைப்பக்கம் இன்னும் சிறுத்து, ஸ்கர்ட்டைவிட அரை மில்லிமீட்டர் வரை குறைவாக இருக்கும். பார்வைக்கு உருளையாகத் தெரிந்தாலும் எந்தப் பக்கம் அளந்தாலும் இது உருளை இல்லை. கடைந்தவர் தப்புச் செய்துவிட்டாரோ என்று நினைக்க வேண்டாம். இந்தக் கோணல்தான் நம் கேள்விக்குப் பாதி விடை.

இந்தக் கால் கிலோ என்ன பாடு படுகிறது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 6000 சுற்றில் இன்ஜின் ஓடினால், பிஸ்டன் நொடிக்கு 200 முறை நின்று திசை மாறுகிறது. மேலே போய் நின்று திரும்பும் அந்தக் கணத்தில் அதன் மேல் விழும் இழுப்பு, புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 1800 மடங்கு. அப்போது 250 கிராம் பிஸ்டன் கனெக்டிங் ராடை 450 கிலோ சுமை போல இழுக்கிறது. தலைக்கு மேலே எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அப்படியிருந்தும் பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் தலை சாதாரணமாக 250, 300 டிகிரியோடு நின்றுவிடுகிறது. தீ ஒரு கணம்தான் இருக்கிறது, அடுத்த கணமே குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது என்பது ஒரு காரணம். வாங்கிய சூட்டை உலோகம் உடனுக்குடன் ரிங்குகள் வழியாகவும் ஸ்கர்ட் வழியாகவும் சிலிண்டர் சுவருக்கும், அடியில் தெறிக்கும் எண்ணெய்க்கும் கைமாற்றிவிடுகிறது என்பது இன்னொரு காரணம். ஆகவே பிஸ்டனுக்கு உலோகம் தேடும்போது வலிமையை மட்டும் பார்த்தால் போதாது. எடை குறைவாக இருக்கவேண்டும், சூட்டைத் தங்கவிடாமல் கடத்தவேண்டும், சூட்டில் உப்பாமலும் இருக்கவேண்டும். மூன்றும் ஒரே உலோகத்தில் அமைவதில்லை என்பதுதான் தொல்லை.

ஆரம்பத்தில் பிஸ்டன்கள் வார்ப்பிரும்பில்தான் வந்தன. சிலிண்டரும் அதே வார்ப்பிரும்பு என்பதால் இரண்டும் ஒரே அளவில் விரிந்தன, தேய்மானமும் குறைவு. எடைதான் பிரச்சினை. அலுமினியத்தைவிட இரும்பு இரண்டரை மடங்குக்கும் மேல் கனம். எவ்வளவு மெல்லிசாக வார்த்தாலும் இன்ஜின் வேகமெடுக்கத் தயங்கும்.

1913-இல் டபிள்யூ. ஓ. பென்ட்லி பிரான்ஸில் இருந்த டிஎஃப்பி கார் தொழிற்சாலைக்குப் போனார். அப்போது அவர் பென்ட்லி கார் செய்யவில்லை; அண்ணனோடு சேர்ந்து லண்டனில் டிஎஃப்பி கார்களை விற்றுக்கொண்டிருந்தார். அங்கே ஒரு மேஜை மேல், காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்த சின்ன அலுமினியப் பிஸ்டன் அவர் கண்ணில் பட்டது. வெறும் விளம்பரப் பொருள். நிஜ இன்ஜினிலேயே இப்படி ஒன்றைப் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அலுமினியம் 88 பங்கு, செம்பு 12 பங்கு கலந்து வார்க்கச் சொன்னார். அந்தப் பிஸ்டன்களுடன் டிஎஃப்பி கார் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் சாதனைகளை முறியடித்தது. மறு வருடம் முதல் உலகப் போர் மூண்டதும் விஷயத்தைப் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவுக்குச் சொன்னார். ரோல்ஸ் ராய்ஸும் சன்பீமும் தங்கள் விமான இன்ஜின்களில் அதை எடுத்துக்கொண்டன. போர் முடிந்த பிறகு, 1920-இல், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டின் கான்ஷ்டாட் பகுதியில் தொடங்கிய பட்டறைதான் இன்றைய மாலே நிறுவனம். ஆரம்பத்தில் அலுமினியப் பிஸ்டனை நம்பி வாங்க அங்கே ஆளே இல்லை.

நம்பாதவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஒரு மீட்டர் வார்ப்பிரும்புக் கம்பியை 100 டிகிரி சூடாக்கினால் 1.1 மில்லிமீட்டர் நீளும். அலுமினியக் கம்பி 2.3 மில்லிமீட்டர் நீளும். ஆகவே இரும்புச் சிலிண்டருக்குள் அலுமினியப் பிஸ்டனைச் சரியான அளவில் பொருத்தினால், சூடானதும் இறுகிச் சீஸ் ஆகிவிடும். இடைவெளியைத் தாராளமாக விட்டாலோ, காலையில் வண்டியைக் கிளப்பும்போது பிஸ்டன் சுவரில் மோதி டக் டக்கென்று தட்டும். எண்ணெயும் மேலே ஏறும். பென்ட்லி சேர்த்த செம்பு வலிமையைக் கூட்டியதே தவிர, இந்த விரிவை அடக்கவில்லை.

அடக்கியது சிலிக்கான். கம்ப்யூட்டர் சில்லுக்குள் இருக்கும் அதே சிலிக்கான்தான். குவார்ட்ஸ் கல்லிலிருந்து பிரித்தெடுப்பது. அதே ஒரு மீட்டர் கணக்கில் அது வெறும் 0.3 மில்லிமீட்டர்தான் விரியும். அலுமினியத்தைவிடக் கனம் குறைவு. கடினமோ மிக அதிகம், தேய்மானத்தைத் தாங்கும். வேண்டிய குணம் எல்லாமே ஒன்றில் இருக்கிறது என்றால் ஏதாவது கோளாறு இருந்தாகவேண்டும் அல்லவா? இருந்தது. அலுமினியத்தில் சிலிக்கானைக் கரைத்து வார்த்தால், ஆறும்போது சிலிக்கான் கூரிய தகடுகளாகத் திரண்டு உலோகத்தை நொறுங்க வைத்தது. அலாடார் பாட்ஸ் என்பவர், உருகிய கலவையில் சிறிது சோடியம் உப்பைச் சேர்த்தால் அந்தத் தகடுகள் நுண்ணிய இழைகளாகிவிடும் என்று கண்டுபிடித்தார். 1921-இல் அமெரிக்காவில் காப்புரிமையும் பெற்றார். உலோகக் கலையின் பெரிய திருப்பங்களில் பல இப்படி ஒரு சிட்டிகைச் சரக்கில் நடந்தவைதான். இப்போது சோடியத்தின் இடத்தில் பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் வந்துவிட்டது.

சிலிக்கான் சுமார் 12 சதவீதத்தில் நிற்கும்போது ஒரு விசேஷம் நடக்கிறது. கலவை உருகும் வெப்பநிலை 577 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது; இந்த இரண்டின் கூட்டில் இதுவே மிகக் குறைந்த புள்ளி. உருகிய குழம்பு அச்சின் மூலைமுடுக்கெல்லாம் எளிதாக ஓடி நிரம்புகிறது. ஆறும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக உறையாமல் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் உறைவதால் வெற்றிடங்களும் குறைவு. கார் கம்பெனி பிஸ்டன்களில் மிகப் பெரும்பாலானவை இந்தப் புள்ளியைச் சுற்றித்தான் இருக்கின்றன. நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு கலவையை மனப்பாடமே செய்துகொள்ளலாம்: சிலிக்கான் 12 சதவீதம், செம்பு, மெக்னீசியம், நிக்கல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சதவீதம், மீதி அலுமினியம்.

ஒவ்வொரு சதவீதத்துக்கும் வேலை இருக்கிறது. செம்பும் மெக்னீசியமும் சேர்ந்து அலுமினியத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத கடினத் துகள்களை உண்டாக்கி அதை வலுவாக்குகின்றன. ஆனால் 200, 250 டிகிரியைத் தாண்டினால் அந்தத் துகள்கள் பருத்துத் தொய்ந்துவிடும். அதற்கு மேல் கைகொடுப்பது நிக்கல். அலுமினியத்தோடு அது சேர்ந்து உருவாகும் சேர்மங்கள் அதிகச் சூட்டிலும் அசையாமல் நிற்கும். டர்போ வந்து, டீசலில் அழுத்தம் கூடக்கூட, பழைய ஒரு சதவீதக் கணக்கு போதவில்லை. புதிய கலவைகளில் செம்பு 3, 4 சதவீதத்துக்கும் நிக்கல் 2 சதவீதத்துக்கும் ஏறியிருக்கிறது. நிக்கல் விலை தெரிந்தவர்களுக்கு, கம்பெனிக்காரன் செலவு மிச்சம் பிடிக்கத்தான் இந்தப் பிஸ்டனைப் போடுகிறான் என்ற பேச்சு இங்கேயே கொஞ்சம் ஆட்டம் காணும்.

சிலிக்கானை 12-ஐத் தாண்டி 16, 18 சதவீதம் வரை ஏற்றினவர்களும் உண்டு. ஹைப்பர்யூடெக்டிக் என்று விற்பார்களே, அதுதான். கரைய இடமில்லாத மிச்ச சிலிக்கான் தனித்தனிக் கட்டிகளாக, கான்கிரீட்டில் ஜல்லி கிடப்பதுபோல உலோகத்துக்குள் சிதறிக் கிடக்கும். கட்டிகள் பெரிதாகிவிடாமலிருக்கப் பாஸ்பரஸ் சேர்ப்பார்கள். விரிவு இன்னும் குறையும், தேய்மானமும் குறையும். புகை விதிகள் இறுகியபோது இதற்கு மவுசு கூடியது. முதல் ரிங்குக்கு மேலே, பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும் பெட்ரோல் எரியாமலே புகைக்குழாய்க்குப் போய்விடும். குறைவாக விரியும் பிஸ்டன் என்றால் அந்தச் சந்தை ஒடுக்கலாம். ரிங்கையும் இன்னும் மேலே ஏற்றலாம். ஆனால் கட்டிகள் கூடக்கூட உலோகத்தின் வளையும் தன்மை குறைகிறது. இன்ஜின் கடுமையாக நாக்கிங் அடித்தால், அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எரிந்தால், ரிங் காடிகளுக்கு நடுவே இருக்கும் மேடு வளையாது. சட்டென்று உடைந்து விழும்.

வார்க்கும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். 750 டிகிரி வாக்கில் உருகிய கலவையை இரும்பு அச்சில் ஊற்றுவார்கள். உட்புறக் குழிவுக்கான உள்ளச்சு ஒரே துண்டாக இருந்தால் வெளியே எடுக்க முடியாது. அதனால் பல துண்டுகளாகச் செய்து, நடுத்துண்டை முதலில் உருவி, மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். வார்த்த பிஸ்டனை நேராகக் கடைசலுக்கு அனுப்புவதில்லை. 200 டிகிரிக்குச் சற்று மேலே உலையில் சில மணி நேரம் வைக்கிறார்கள். இல்லாவிட்டால், உள்ளே துகள்கள் உருவாகும்போது பிஸ்டன் நிரந்தரமாகவே ஒரு துளி வளரும். அந்த வளர்ச்சி ஓடும் இன்ஜினுக்குள் நடந்தால் விபரீதம். அதை உலையிலேயே நடத்தி முடித்துவிட்டு, அதற்குப் பிறகு வைரமுனைக் கருவியால் கடைகிறார்கள். சென்னைச் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. எஸ். அனந்தராமகிருஷ்ணன் உருவாக்கிய அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் கம்பெனி அது.

டீசல் பிஸ்டனை அறுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு ஆச்சரியங்கள் இருக்கும். முதல் ரிங் காடி அலுமினியமாக இருக்காது. இரும்பு வளையம் ஒன்றை உள்ளே வைத்து வார்த்திருப்பார்கள். டீசலின் சூட்டிலும் அழுத்தத்திலும் ரிங் மேலும் கீழும் அடித்து அலுமினியக் காடியை அகட்டிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. எந்த இரும்பானாலும் சரி என்று போட்டால் விரிவு வித்தியாசத்தில் வளையம் கழன்றுகொள்ளும். அதனால் நி-ரெசிஸ்ட் என்ற, சுமார் 15 சதவீதம் நிக்கல் கலந்த வார்ப்பிரும்பைப் போடுகிறார்கள். சாதாரண வார்ப்பிரும்பு ஒரு மீட்டருக்கு 1.1 மில்லிமீட்டர் விரியும் இடத்தில் இது 1.8 வாக்கில் விரியும். பிஸ்டன் கலவையின் 2 மில்லிமீட்டரோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். இரும்பும் அலுமினியமும் லேசில் ஒட்டாது என்பதால், வளையத்தை முதலில் உருகிய அலுமினியத்தில் முக்கி எடுத்து, ஈரம் காய்வதற்குள் என்பார்களே அப்படி, சுடச்சுட அச்சில் வைத்து வார்ப்பார்கள்.

இரண்டாவது ஆச்சரியம், தலைக்குள் சுற்றி ஓடும் எண்ணெய் வழி. மூடிய உலோகத்துக்குள் இப்படி ஒரு வளையக் குகையை எப்படிக் குடைந்தார்கள்? குடையவே இல்லை. உப்பை இறுக்கி வளையமாகச் செய்து, அச்சுக்குள் வைத்து, அதைச் சுற்றி அலுமினியத்தை ஊற்றுகிறார்கள். உப்பு 801 டிகிரியில்தான் உருகும். அலுமினியக் குழம்பின் சூடு அதை எட்டாது. பிறகு சின்னத் துளை போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சினால் உப்பு கரைந்து வெளியேறிவிடும், வழி மிஞ்சும். அதற்குள் கீழேயிருந்து எண்ணெயைப் பீய்ச்சி அடித்தால் தலையின் சூடு கணிசமாக இறங்கும். எனக்கு இந்தத் தொழிலிலேயே மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

டீ வந்துவிட்டது. அந்தக் கோணலுக்கு வருவோம். 73 மில்லிமீட்டர் பிஸ்டனின் தலை 20 டிகிரியிலிருந்து 270 டிகிரிக்கு ஏறினால் விட்டம் சுமார் 0.36 மில்லிமீட்டர் கூடும். சிலிண்டரின் உள்சுவரான வார்ப்பிரும்பு லைனர் 110 டிகிரி வாக்கில் நின்றுவிடுவதால் அது 0.07 மட்டுமே அகலும். இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே கழித்துத்தான் தலையைச் சிறுக்கக் கடைகிறார்கள். கீழே போகப்போகச் சூடு குறைவு. அதனால் அளவு கூடுகிறது. பின் துளைப் பக்கம் உலோகம் தடிமன். சூட்டில் அந்தத் திசையில்தான் அதிகம் விரியும். அதனால் அங்கே குறைத்திருக்கிறார்கள். குளிர்ந்தபோது கோணலாக இருந்து, வேலைச் சூட்டில் உருளைக்கு நெருங்கி வரும் பொருள் இது. கருப்புப் பூச்சு கிராஃபைட் கலந்தது. எண்ணெய் இன்னும் மேலே ஏறாத முதல் சில நொடிகளில் ஸ்கர்ட்டைச் சுவரில் உராயாமல் காப்பதற்கு.

இப்போது ஃபோர்ஜ்டு. பந்தயப் பிஸ்டன்களில் அதிகம் புழங்கும் கலவைக்கு 2618 என்று எண். அதில் சிலிக்கான் கால் சதவீதம்கூட இருக்காது. இதன் வம்சம் பெரியது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய ஒய் அலாய்தான் மூதாதை. அதிலிருந்து ரோல்ஸ் ராய்ஸின் ஆர்ஆர்58 வந்தது. அதே உலோகத்தில்தான் கான்கார்ட் விமானத்தின் உடலையும் செய்தார்கள். சூடாக்கிய கட்டியை அச்சில் வைத்துப் பல டன் அழுத்தத்தில் அமுக்கி உருவாக்குவதால் உள்ளே வெற்றிடமே இருக்காது. நாக்கிங் அடித்தாலும் உடையாமல் வளைந்து கொடுக்கும். ஒரு பந்தயத்தில் ஓடிமுடித்து அடுத்த பந்தயத்துக்கு முன் கழற்றிப் பார்க்கப்போகும் இன்ஜினுக்கு இதைவிட நல்லது கிடையாது.

வீட்டுக் காருக்கு அந்த வளைந்துகொடுக்கும் குணத்தின் விலை வேறு இடத்தில் வந்து விழும். சிலிக்கான் இல்லாததால் விரிவு அதிகம். அதனால் கம்பெனி பிஸ்டனுக்கு 0.03, 0.04 மில்லிமீட்டர் விடும் இடத்தில் இதற்கு இரண்டு மடங்கு வரை இடைவெளி விடவேண்டியிருக்கும். தினமும் காலையில் இன்ஜின் சூடாகும்வரை தட்டும். கடினமான சிலிக்கான் துகள்கள் இல்லாததால் ரிங் காடி சீக்கிரம் தேயும். பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நாலு கிலோமீட்டர் ஓடி, முழுச்சூடு ஏறுமுன் அணைகிற வண்டி பெரும்பாலும் அந்தத் தட்டும் நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஆயில் குடிக்காமல் ஓடவேண்டிய இன்ஜினுக்குக் கம்பெனிக்காரன் 12 சதவீத சிலிக்கானை எடுத்தது அதனால்தான். நடுவழியாக 4032 என்று ஒரு ஃபோர்ஜ்டு கலவையும் உண்டு. அதிலும் சிலிக்கான் 12 சதவீதம்தான். தொழிற்சாலையிலிருந்தே ஃபோர்ஜ்டு பிஸ்டனோடு வரும் அதிவேகக் கார்களும் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு இன்ஜினையே அதற்கேற்ப வடிவமைத்திருப்பார்கள்.

இரும்பு போன வழியே திரும்பியும் வந்திருக்கிறது. லாரி டீசல்களில் முதலில் ஸ்டீல் பிஸ்டன் வந்தது. 2014-இல் மெர்சிடிஸ் தன் வி6 டீசல் காரில் அதைப் போட்டது. இரண்டு வருடத்தில் நாலு சிலிண்டர் டீசலுக்கும் கொண்டுவந்தது. இந்த இன்ஜின்களின் பிளாக் அலுமினியம். சூடானதும் சிலிண்டர் அதிகம் அகலும், ஸ்டீல் பிஸ்டன் அவ்வளவாக விரியாது. இடைவெளி கூடி உராய்வு குறையும். இரும்புச் சிலிண்டரில் அலுமினியப் பிஸ்டன் கொடுத்த பழைய தலைவலியை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டு லாபமாக்கிவிட்டார்கள். ஸ்டீல் வலுவானது என்பதால் பிஸ்டனைக் குட்டையாகவும் சுவரை மெல்லியதாகவும் செய்யலாம். எடை பெரிதாக ஏறுவதில்லை. ஆனால் ஸ்டீல் சூட்டைக் கடத்துவதில் மந்தம். அலுமினியக் கலவை அதைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். டீசலுக்கு அந்த மந்தம் பரவாயில்லை. பெட்ரோலுக்கு ஆகாது, தலை சூடேறினால் நாக்கிங் தேடி வரும்.

ரீபோர் செய்யப் போகிறவர் பிஸ்டன் செட்டை முதலில் வாங்கிவிட்டு, அதைக் கையோடு எடுத்துக்கொண்டே லேத் பட்டறைக்குப் போகவேண்டும். ஓவர்சைஸ் 0.50 என்று தலையில் குத்தியிருந்தாலும், ஒவ்வொரு பிஸ்டனின் ஸ்கர்ட்டையும் அளந்து, பெட்டிக்குள் வரும் தாளில் அந்தக் கலவைக்குப் போட்டிருக்கும் இடைவெளியைக் கூட்டித்தான் போர் அளவை முடிவு செய்யவேண்டும். ஸ்கர்ட்டில் எந்த உயரத்தில் மைக்ரோமீட்டரை வைக்கவேண்டும் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கும். அதைப் பட்டறைக்காரரிடம் மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.